தளபதி உட்கார்ந்திருக்கும் அட்டைப்படம்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

உடம்பு தேறிவிட்டது, இருமல் போய்விட்டது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். நீ கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உனக்கும் அத்தைக்கும் எப்படி இருக்கிறது? குளிர் காலத்தில் அத்தைக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளுமே, தைலத்தைச் சூடு காட்டித் தேய்த்துவிடு.

அடுத்த இதழின் அட்டைப்படம் இத்துடன் வருகிறது. மனசைத் திடப்படுத்திக்கொண்டு பிரி. நம் விண்வெளித் தளபதி பாதரசக் கடலுக்கு மேலே ஓர் இயந்திர நண்டின் கொடுக்கில் தலைகீழாகத் தொங்குகிறார். கையில் வழக்கம்போல மந்திர வாள். கடலுக்குள்ளிருந்து ஏழு கண்ணுள்ள ஏதோ ஒன்று எட்டிப் பார்க்கிறது. அது என்னவென்று என்னைக் கேட்காதே, சத்தியமாக எனக்குத் தெரியாது. பச்சைச் சாயம் மிச்சம் இருந்தது, போட்டுவிட்டேன்.

"என்னைக் கதையை எழுதவிட்டு அப்புறம் படம் போட்டால் குறைந்தா போய்விடுவாய்?" என்று மாதாமாதம் திட்டுகிறாய். நான் என்ன செய்யட்டும்? அச்சகத்தில் வண்ணம் ஒவ்வொன்றாக ஏறிக் காய்வதற்கே வாரக்கணக்காகிறது. அதனால் முதலில் அட்டை, பிறகுதான் கதை. எங்கள் ஆசிரியர், அதுதான் நம் கத்தரிக்கோல், இதில் ஒரே பிடிவாதம். "அட்டையில இருக்கறது கதையில இருந்தே தீரணும். இல்லைன்னா வாசகன் என் கழுத்துல கத்திய வைப்பான்" என்கிறார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். துணை ஆசிரியர் நாற்காலி காலியாக இருக்கிறது. "உங்க அக்கா வந்து உட்கார்ந்தாங்கன்னா பத்திரிகைய அவங்க தலையில கட்டிட்டு நான் நிம்மதியா தூங்குவேன்" என்றார். அச்சகத்துக்கு எதிரே மாடியில் இரண்டு அறை காலியாகிறது. அத்தையையும் அழைத்துக்கொண்டு வந்துவிடலாம். அத்தானின் கப்பல் மூழ்கி நாலு வருஷம் ஆகிவிட்டது அக்கா. நான் வேறொன்றும் சொல்லவில்லை. யோசித்துப் பார்.

அடுத்த படத்துக்கு ஆகாயக் கப்பலைப் புதிதாக வரைய வேண்டும். நிஜக் கப்பல்களைப் பார்த்து வரையலாமென்று துறைமுகத்துக்குக் கிளம்புகிறேன். போய் வந்து எழுதுகிறேன்.

உன் கதைக்குக் காத்திருக்கும்,
தம்பி


ஜனவரி 23

டேய் தம்பி,

இருமல் போய்விட்டது என்று நீ சொன்னால் நான் நம்பிவிட வேண்டுமா? கழுத்தில் துணி சுற்றாமல் துறைமுகக் காற்றில் நிற்காதே. இங்கே நானும் அத்தையும் சௌக்கியம். முழங்கால்தான் அத்தையைப் படுத்துகிறது. அத்தை மருமகளான என்னைப் படுத்துகிறார்கள். கணக்குச் சரியாகிவிட்டது.

கதை இத்துடன் இருக்கிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அழைப்பு இல்லாத நேரத்தில் எழுதியது. நடுவில் தொடர்ந்து வெளியூருக்கு மூன்று டிரங்க் கால், அதனால் உன் நண்டு மூன்று பக்கம் கொடுக்கை அசைக்காமல் நிற்கும். வெட்டச் சொல்லாதே. ஏழு கண் உள்ளது ஒரு தாய் என்று வைத்துவிட்டேன். அதன் முட்டையைத்தான் நண்டு திருடியிருக்கிறது. தளபதி தலைகீழாகத் தொங்கிக்கொண்டே அதனிடம் சமாதானம் பேசுகிறார். கடைசியில் வழக்கம்போலக் கப்பலோட்டி வந்து மீட்கிறாள். பாவம் அவள். மாதாமாதம் அந்த மனுஷன் எதிலாவது போய் மாட்டிக்கொள்கிறார். இவள் கப்பலை வானத்தில் சுற்றவிட்டுக் காத்திருந்து தூக்கிவருகிறாள்.

அத்தைக்குப் படித்துக் காட்டினேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் கேள்விக்குக் குறைச்சல் இல்லை. "நாலு வருஷமா அந்தக் கப்பல் பறக்குதே, அதுக்கு எண்ணெய் யாருடி ஊத்துறா?" என்றார்கள்.

வேலை விஷயம். கத்தரிக்கோலுக்கு என் வணக்கத்தையும் நன்றியையும் சொல். நான் வரவில்லை. கப்பல் மூழ்கியது என்றுதான் கம்பெனி எழுதியது. உன் அத்தான் மூழ்கினார் என்று எழுதவில்லை. அவருக்குத் தெரிந்த வீடு இது ஒன்றுதான். ஒரு நாள் வந்து கதவைத் தட்டும்போது பூட்டுத் தொங்கினால் என்ன நினைப்பார்? பைத்தியம் என்று நீ நினைத்தாலும் பரவாயில்லை. இதைப் பற்றி இனி எழுதாதே.

வேறு எதை வேண்டுமானாலும் எழுது.

அக்கா


பிப்ரவரி 14

அத்தான்,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனசு வரவில்லை. நலமாக இருப்பதைத்தான் கண்ணால் பார்த்துவிட்டேனே.

கப்பல் பழுது பார்க்கும் கொட்டகையில் உங்களைப் பார்த்தபோது யாரோ உங்கள் சாயலில் இருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பின்னாலேயே வந்தேன். வீட்டுக் கதவு திறந்திருந்தது. நாற்காலியில் இடது காலை மடக்கிப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தீர்கள். அதைப் பார்த்ததும் நீங்களேதான் என்று தெரிந்துவிட்டது. அக்கா கல்யாணமான நாளிலிருந்து கேலி செய்யும் உட்காரல் அது. மடியில் ஒரு பெண் குழந்தை. தட்டு வைத்த அந்த அம்மாள் சிரித்த முகமாக இருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு எதுவும் தெரியாது என்று நீங்கள் சொன்னதை நம்புகிறேன்.

என்னைப் பார்த்ததும் வெளியே வந்து, தெருமுனையில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நானே எழுதிடறேன்டா. நீ சொல்லிடாத. என் வாயால வரணும்" என்றீர்கள். வாக்குக் கொடுத்துவிட்டேன். அதற்காகத் தினமும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். ஊருக்குத் திரும்பியதிலிருந்து அக்காவுக்கு ஒரு வரிகூட எழுத முடியவில்லை. எதை எழுதினாலும் பொய்யாக இருக்கிறது.

எழுதுங்கள் அத்தான். அவள் கதவைப் பூட்டாமல் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல வேலை ஒன்று தேடி வந்ததையும் அதற்காக உதறிவிட்டாள்.

தம்பி


பிப்ரவரி 26

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கொட்டகை விலாசத்துக்கு எழுதியது நல்லதாயிற்று.

என்னை மீன்படகுக்காரர்கள் எடுத்தார்கள். முதல் வருஷம் முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்தேன், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தவள்தான் இவள். எழுந்து நின்றதும் எழுதலாம் என்று நினைத்தேன். நின்றேன். நடந்ததும் எழுதலாம் என்று நினைத்தேன். நடந்தேன். தள்ளிப்போடத் தள்ளிப்போட, எழுத வேண்டியது பெரிதாகிக்கொண்டே போயிற்று. அப்புறம் குழந்தை வந்துவிட்டது.

உன் அக்காமேல் ஒரு குறையும் இல்லை. அதுதான் எழுத விடாமல் செய்கிறது. குறை இருந்தால் எழுதியிருப்பேன்.

மார்ச் முடிவதற்குள் எழுதிவிடுகிறேன். அதுவரை பொறு. அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது?

அத்தான்


மார்ச் 9

தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

என்னடா, துறைமுகத்துக்குப் போனவன் கப்பலேறிவிட்டாயா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, கடிதம் இல்லை, அட்டையும் இல்லை. கத்தரிக்கோல் பழைய கதை ஒன்றைப் போட்டு ஒப்பேற்றியதைப் பார்த்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இருந்தால் மறைக்காதே. அத்தை தினமும், "உன் தம்பிகிட்டேருந்து ஒண்ணும் வரலியா" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு உன்மேல் அக்கறை பாதி, தளபதி மேல் பாதி.

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. வாசல் கதவின் கீல் துருப்பிடித்துக் கத்தியது, நானே எண்ணெய் விட்டேன். எக்ஸ்சேஞ்சில் புது மேற்பார்வையாளர் வந்திருக்கிறார். பேனாவைப் பிடித்தாலே முறைக்கிறார். அவரை ஏதாவது ஒரு கோளுக்கு அரக்கனாக அனுப்பலாம் என்றிருக்கிறேன், அட்டையில் இடம் கொடு.

துறைமுகம் எப்படி இருந்தது? கப்பல் ஏதாவது பார்த்தாயா? அதைப் பற்றி எழுது.

பதில் வரும்வரை சரியாகத் தூக்கம் வராது எனக்கு.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். எழுதாமல் விட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே, வேலை நெருக்கம்.

உனக்கு வேறு எங்கிருந்தாவது கடிதம் ஏதும் வந்ததா? சும்மாதான் கேட்கிறேன்.

அட்டைப்படம் வைத்திருக்கிறேன். பச்சைக் கோளில் ஒரு வீடு. சாப்பாட்டு மேசை. தளபதி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பெண், மடியில் ஒரு பெண் குழந்தை. வாளை ஆணியில் மாட்டிவிட்டார். கத்தரிக்கோல் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, அரக்கன் எங்க, ரத்தம் எங்க? மளிகைக் கடை காலண்டர் மாதிரி இருக்கு" என்று கத்தினார். நான் மாற்றமாட்டேன் என்றேன். முதல் தடவையாக எதிர்த்துப் பேசியதால் பயந்துபோய் விட்டுவிட்டார்.

படத்தை நன்றாகப் பார் அக்கா. கதை உன் இஷ்டம்.

தம்பி


ஏப்ரல் 13

அருமைத் தம்பிக்கு,

அத்தையும் நானும் நலமாக இருக்கிறோம். வெயில் ஏறியதும் முழங்கால் வலி இறங்கிவிட்டது. வேறு கடிதம் எதுவும் வரவில்லை. எனக்கு உன்னை விட்டால் யார் எழுதப் போகிறார்கள்?

கதையை அனுப்பியிருக்கிறேன். அட்டையைப் பார்த்ததும் சிரித்தேன். நண்டுக்கும் நெருப்பு மழைக்கும் தப்பியவருக்கு இப்படி ஒரு ஆபத்தா! ஆனால் உன் அக்கா லேசுப்பட்டவளா? பச்சைக் கோளின் சூனியக்காரி விஞ்ஞானமும் படித்தவள். கண்ணாடிக் குடுவையில் ஒரு மூடுபனி வைத்திருக்கிறாள். அதைத் திறந்துவிட்டால் எவனுக்கும் தன் ஆசையெல்லாம் எதிரே தெரியும். வீடு, மேசை, அந்தப் பெண், குழந்தை எல்லாமே மூடுபனி. தளபதி ஒரு கவளம் எடுத்து வாயில் வைக்கிறார், ருசியே இல்லை. உடனே சுதாரித்துவிடுகிறார். கப்பலோட்டி சங்கை ஊத, மூடுபனி கலைகிறது. வாசகன் காதில் பூச்சுற்றினாலும் வாசனையான பூவாகச் சுற்றியிருக்கிறேன்.

அத்தைக்கு மூடுபனி வரும் இடத்தை இரண்டு தடவை படித்துக் காட்டினேன். கேள்வியே கேட்கவில்லை. அட்டையை மட்டும் கேட்டு வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த தடவை நல்ல அரக்கனாகப் போடு.

அக்கா


மே 4

அக்கா,

சுகம் விசாரித்து நாலு வரி எழுதிக் கிழித்துவிட்டேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

புது அட்டை இது. அதே வீடு, அதே குழந்தை. தோளில் சாய்ந்து தூங்குகிறது. ஜன்னலுக்கு வெளியே வானத்தில் நம் கப்பல் தெரிகிறது. தளபதி அதைப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே ஜன்னலைச் சாத்துகிறார்.

இதில் சூனியக்காரி இல்லை. குடுவை இல்லை. எங்குமே மூடுபனி போடவில்லை அக்கா, நல்ல பகல் வெளிச்சத்தில் வரைந்திருக்கிறேன்.

துணை ஆசிரியர் வேலையை ஜூன் முடியும்வரை யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று கத்தரிக்கோலிடம் வாங்கி வைத்திருக்கிறேன். எழுதாதே என்றாய், எழுதிவிட்டேன்.

தம்பி


மே 29

தம்பிக்கு,

நலம்.

கதை இத்துடன். ஜன்னலைச் சாத்துவது தளபதி இல்லை, களிமண்ணால் செய்த அவருடைய இரட்டை. அசல் தளபதி அந்த வீட்டுக்கு அடியில் நிலவறையில் கட்டிப்போடப்பட்டிருக்கிறார். கப்பலோட்டி அடுத்த இதழில் வந்து தோண்டி எடுப்பாள். சின்னக் கதைதான், எக்ஸ்சேஞ்சில் வேலை அதிகம்.

அத்தைக்கு இன்னும் படித்துக் காட்டவில்லை.

அக்கா


ஜூன் 8

அத்தான்,

மார்ச் முடிந்தது, ஏப்ரலும் மேயும் முடிந்தன. நீங்கள் எழுதவில்லை. வாக்கைக் காப்பாற்றிக்கொண்டே நான் இரண்டு படம் போட்டுப் பார்த்தேன். சொல்ல வேண்டியதை அதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நான் எத்தனை தெளிவாக வரைந்தாலும் அவள் உங்களுக்கு ஒரு தப்பும் வழியை எழுதிவிடுகிறாள். அட்டையில் எது இருந்தாலும் கதைக்குள் அடக்குவது அவள் தொழில், நான்தான் அதை மறந்து முட்டாளாகிவிட்டேன்.

இனி என்னால் முடியாது. நாளைக்கு உட்கார்ந்து உடைத்து எழுதப் போகிறேன். உங்களுக்கு முதலில் சொல்வது நியாயம் என்பதால் இந்தக் கடிதம்.

குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


ஜூன் 9

என் தம்பிக்கு,

நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன். அஞ்சு மாதமாக இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாயே.

களிமண் கதை அச்சுக்குப் போயிருந்தால் நிறுத்து. இதோ வேறு கதை.

நீ வரைந்த தளபதி இதுவரை ஓர் அட்டையிலும் உட்கார்ந்ததில்லைடா. தொங்கியிருக்கிறார், விழுந்திருக்கிறார், டிராகன் மேல் நின்றுகூட இருக்கிறார். மார்ச்சில் நீ அனுப்பிய அட்டையில்தான் முதன்முதலாக உட்கார்ந்தார், இடது காலை மடக்கி அதன் மேலேயே. உறையிலிருந்து பாதிதான் இழுத்திருந்தேன். துறைமுகத்தில் நீ எந்தக் கப்பலைப் பார்த்தாய் என்று அப்போதே தெரிந்துவிட்டது. சிரித்தேன் என்று எழுதியது பொய். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன், அத்தைக்குக் கேட்கக் கூடாதே என்று. உயிரோடு இருக்கிறாரே என்ற சந்தோஷம் ஒரு பக்கம், உயிரோடு இருந்துகொண்டே எழுதவில்லையே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். எதற்கு அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மூடுபனியை எழுதியது அத்தைக்காக. ஒரே பிள்ளை. செத்தான் என்றாலும் தாங்கமாட்டார்கள், உயிரோடு இருந்தும் வரவில்லை என்றாலும் தாங்கமாட்டார்கள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்காகவும்தான். எழுதி முடித்தபோது ஒரு நிமிஷம் நானே நம்பினேன்.

நேற்று சாயங்காலம் களிமண் கதையின் நகலை எடுத்து வாசிக்க உட்கார்ந்தேன். இரட்டை, நிலவறை, கட்டிப்போட்ட கயிறு என்று போய்க்கொண்டிருந்தேன். அத்தை கையை நீட்டித் தாளின் மேல் வைத்தார்கள்.

"போதும், நிறுத்து. எத்தனை தடவைதான் அவனக் காப்பாத்துவ?"

நான் தாளைக் கீழே வைத்தேன்.

"பெத்தவளுக்குப் பிள்ளை உட்கார்ற விதம் தெரியாதா? படத்தப் பார்த்த அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. நீ மூடுபனின்னு படிச்ச. சரி, இவ தாங்கமாட்டா போலிருக்கு, நம்பிட்டுப் போகட்டும்னு பேசாம இருந்தேன்" என்றார்கள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்து ஒரே வீட்டுக்குள் இத்தனை நாள் நாடகம் ஆடியிருக்கிறோம். சிரிப்பு வந்தது, அத்தைக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் அத்தை அழுதார்கள். அவரைத் திட்டவும் திட்டினார்கள். தாய் திட்டும்போது நான் குறுக்கே பேசவில்லை. எனக்கும் திட்ட வேண்டியது நிறைய இருந்தது, அத்தை விட்டதை எல்லாம் நான் சொன்னேன். அது நன்றாக இருந்தது தம்பி.

இனி கதை. கப்பலோட்டி பச்சைக் கோளில் இறங்குகிறாள். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கிறாள். அவர் இவளைப் பார்க்கிறார், ஜன்னலைச் சாத்துகிறார். அவள் சங்கு ஊதவில்லை. கப்பலுக்குத் திரும்பி வந்து மற்றவர்களிடம், "தளபதி இங்கேயே இருந்துவிட்டார். ஏறுங்கள், கிளம்பலாம்" என்கிறாள். அவ்வளவுதான். எங்கே போகிறாள் என்று அடுத்த இதழுக்குத்தான் யோசிக்க வேண்டும். வாசகன் கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்னிடம் அனுப்பச் சொல், அங்கேதான் இருப்பேன். எக்ஸ்சேஞ்சில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன். மாடி அறைகளைக் கூட்டிப் பெருக்கி வை. அத்தைக்குப் படி ஏறக் கைப்பிடி வேண்டும், அதையும் பார்.

"வீட்டப் பூட்டிட்டா அவன் வந்து பார்த்தா என்னடி ஆகும்" என்று காலையில் அத்தை ஒரு தடவை கேட்டார்கள். பழக்க தோஷம். கேட்டுவிட்டு அவர்களே பாத்திரத்தைக் கட்ட ஆரம்பித்தார்கள்.

உன் அத்தானுக்கு நான் எழுதப்போவதில்லை. எழுத வேண்டியவர் அவர். நீ எழுதினால் இரண்டு விஷயம் மட்டும் எழுது. எனக்குத் தெரியும் என்று எழுது. அந்த அம்மாளிடம் மறைத்திருந்தால், அவளிடமும் அவர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுது. அவளையும் ஜன்னலுக்கு வெளியே நிறுத்தக் கூடாது.

இன்னொன்று. அந்தக் குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டுச் சொல். அத்தை கேட்கச் சொன்னார்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். அத்தை கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன்.

அக்கா